செவலைக்குப் போட்ட முடிச்சு

பாளையங்கோட்டையிலிருந்து ஏரலுக்கு ரீபா பஸ் ஏறியது மகளைக் கூட்டிக்கொண்டு வரத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை என்று பஸ் கிளம்புவதற்குள் தனக்குத்தானே மூன்று தடவை சொல்லிக்கொண்டாள். ஒன்றை மூன்று தடவை சொல்லிக்கொள்கிறவளுக்கு வேறு காரணம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

மகள் ஸ்டெபிக்குப் பதினொரு வயது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் அப்பாவின் மாட்டுப் பண்ணைக்குப் போனவள், இரண்டாம் நாளே போன் பண்ணினாள். பயந்து பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாகப் பேசினாள்.

"அம்மா, இங்கன மாடெல்லாம் தினமும் யாரையோ பாக்குது. அங்கன யாருமே இல்ல. அப்பாட்ட கேட்டா, சத்தம் போடாம நில்லுன்னு சொல்லுதாங்க."

ரீபாவும் ஜெபஸ்டினும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. கோர்ட்டு, கையெழுத்து என்று எதுவும் இல்லை. வெள்ளம் வந்த அந்த டிசம்பருக்குப் பிறகு அவள் பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வந்தாள், ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது, அப்படியே இருந்துவிட்டாள். அதற்கு ஊரே ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. புருஷன் போட்ட முடிச்சால் மாமியார் செத்துப்போனாள், எந்தப் பெண்தான் அந்த வீட்டில் இருப்பாள் என்றது.

அந்த முடிச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பண்ணையில் அப்போது பன்னிரண்டு மாடு. அதில் ஒரு செவலைப் பசு, கயிற்றை உருவிக்கொண்டு பக்கத்து வாழைத் தோட்டத்துக்குள் போவதையே தொழிலாக வைத்திருந்தது. தோட்டக்காரர் செல்வமணி அண்ணாச்சி வாரத்துக்கு இரண்டு தடவை வந்து சத்தம் போட்டுவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போவார். ஜெபஸ்டின் யோசித்து ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தான். மாடு இழுக்க இழுக்க அது இறுகும். அவனைத் தவிர அதை அவிழ்க்க ஆளில்லை என்று வட்டாரமே பேசிக்கொண்டது.

ஆள் இருந்தது. கல்யாணமான முதல் வருஷம் ஒரு மத்தியானம், தொழுவத்தில் வைத்து ரீபாவின் கையைப் பிடித்து அவன் அதைச் சொல்லிக்கொடுத்தான். மேல் சுற்றைப் பைய நெகிழ்த்தி, உள்ளே ஒளிந்திருக்கிற நுனியை இடது பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் கழன்று விழுந்துவிடும். பாடம் அரை மணி நேரம் நடந்தது. அதில் இருபது நிமிஷம் முடிச்சைப் பற்றியது இல்லை. சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசாத மனுஷன் அன்றைக்கு என்னவெல்லாமோ பேசினான். அதற்காகவே அவள் அந்த முடிச்சை மறக்கவில்லை.

வெள்ளத்தன்று அவன் ஊரில் இல்லை. பால் கறக்கிற மெஷினைப் பழுது பார்க்க சனிக்கிழமை பேட்டைக்குப் போனவன் மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டான். திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, மேலே குளக்கரை உடைந்து தண்ணீர் பண்ணைக்குள் வந்தது. ரீபாவும் மாமியார் எலிசபெத்தும் பதினோரு மாட்டை அவிழ்த்து மேட்டுப்பக்கம் விரட்டினார்கள். செவலை மட்டும் தொழுவத்தின் கடைசியில், பள்ளமான பக்கத்தில் நின்றது. அதை அவிழ்க்க ரீபாதான் போனாள். வாசலில் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போவதைப் பார்த்தாள். உள்ளே கால் வைக்கவில்லை, திரும்பிவிட்டாள். மாடிப்படியில் நின்ற அத்தையிடம், முடிச்சு ஊறி இறுகிவிட்டது, அவிழ்க்க முடியவில்லை என்று சொன்னாள்.

எலிசபெத் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ பிள்ளைட்ட போ" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். மூன்றாம் நாள் அவளை வாழைத் தோட்டத்தில் எடுத்தார்கள்.

அத்தையிடம் சொன்ன அதே பொய்யை ரீபா எல்லோரிடமும் சொன்னாள், ஜெபஸ்டினிடமும் சொன்னாள். அடக்கத்துக்கு வந்த சனம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தது. அவன் அந்தக் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். உண்மையைச் சொன்னால் அவனும் போய்விடுவான், நாளைக்கு விவரம் தெரிந்தால் மகளும் போய்விடுவாள். சொல்லாமல் அவன் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கவும் முடியவில்லை. அதனால்தான் பாளையங்கோட்டைக்கு ஓடினாள். ஊர் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டது. நல்ல ஊர், விவரமான சனம்.

அவள் பண்ணைக்குள் நுழைந்தபோது மணி பத்தரை. ஸ்டெபி புது வருஷப் பாட்டுப் பழகக் கோயிலுக்குப் போயிருக்கிறாள், பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவாள் என்றான் ஜெபஸ்டின். ஒரு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவோம் என்றாள் இவள். அவன் சரி என்று அடுப்படிக்குப் போய் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டுவந்தான். இரண்டு வருஷமாகியும் சீனி சரியாக இருந்தது. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பண்ணை மாறியிருந்தது. ஒரு கயிறுகூடக் கண்ணில் படவில்லை. சுற்றிலும் கம்பிவேலி போட்டு மாடுகளை அவிழ்த்தே விட்டிருந்தான். பதினான்கு மாடு, வெயிலிலும் வேப்ப மர நிழலிலுமாக ஆங்காங்கே படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. தொழுவம் மழைக்கு மட்டும்தான் என்றான். கட்டுவதே இல்லையா என்று கேட்டாள். கை வரவில்லை என்றான். கறவைக்கு வந்த ஆட்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்களாம், எல்லாம் இவனே பார்க்கிறானாம். ஏன் நின்றார்கள் என்றதற்கு அவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

"பதினொன்னே காலுக்கு நீயே பாரு."

அந்த நேரத்தைக் கேட்டதும் அவள் டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து ரோட்டுக்குப் போய் நின்றுவிடலாமா என்று யோசித்தாள். போயிருப்பாள், மகள் வர வேண்டியிருந்தது.

இருவரும் தொழுவத்து வாசலுக்கு வெளியே போய் நின்றார்கள், நல்ல வெளிச்சம். மாட்டுக்குப் பக்கத்தில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த கொக்குகள் முதலில் கிளம்பின. விரட்டியது போல இல்லை, வேலை முடிந்தவர்கள் போலக் கிளம்பிப் போயின. பிறகு ஏதோ ஒரு சத்தம் நின்றது. என்ன சத்தம் என்று புரியவே ரீபாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பதினான்கு மாடும் ஒரே நேரத்தில் அசை போடுவதை நிறுத்தியிருந்தன.

ஒவ்வொன்றாக எழுந்தன. தள்ளுமுள்ளு இல்லை, ஒரு கத்தல் இல்லை. தொழுவத்துக்குள் போய், கட்டிப் போட்டது போல இரண்டு வரிசையில் நின்றன. கடைசியில், செவலை நின்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டு நின்றன. ஜெபஸ்டின் அவள் காதருகே, இதில் பழைய மாடு மூன்றுதான், மற்றதெல்லாம் வெள்ளத்துக்குப் பிறகு வாங்கியது, அம்மாவைப் பார்த்ததே இல்லை என்றான்.

வாசல் பக்கம் நின்ற முதல் மாடு தலையைத் தூக்கிக் காதை முன்னால் விட்டது. அதன் மடியிலிருந்து யாரும் தொடாமலே பால் சொட்டியது. கறவை நேரம் விடியற்காலையும் மத்தியானம் மூன்று மணியும்தான். எலிசபெத் இருந்த காலத்தில் அவள் வாளியோடு வாசலில் வந்து நின்றாலே மாடுகளுக்குப் பால் இறங்கிவிடும், அது ரீபாவுக்குத் தெரியும். இரண்டாவது மாட்டுக்கும் இறங்கியது. மூன்றாவது. யாரோ நடுவில் அவசரமில்லாமல் நடந்து போவது போல, இரண்டு பக்கமும் தலைகள் வரிசையாகத் திரும்பின, சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாகப் பால் விழுந்துகொண்டே போனது. கடைசி இடத்தில் போய் நின்றது. எல்லா மாடும் அந்த வெற்று இடத்தையே பார்த்தன.

"அஞ்சு நிமிஷம் அங்கனயே நிக்கும்" என்றான் ஜெபஸ்டின். "அப்புறம் கலைஞ்சி போயிரும். தினமும் அவ்வளவுதான்."

அன்றைக்கு அவ்வளவோடு நிற்கவில்லை. கடைசி மாடு பையத் தலையைத் திருப்பியது. அடுத்த மாடும் திருப்பியது. தலைகள் திரும்பத் திரும்ப, போனது இந்தப் பக்கமாக வந்தது. ஜெபஸ்டின் மூச்சை உள்ளே இழுத்தான். இது அவனுக்கும் புதிது. வாசலைத் தாண்டியும் நிற்கவில்லை. பதினான்கு மாடும் கழுத்தை வளைத்து, ரீபாவுக்கு இடது பக்கம் ஒரு முழம் தள்ளி, ஆள் உயரத்தில் ஒரு இடத்தைப் பார்த்தன. அவள் இடது கையில் மயிர் எழுந்து நின்றது. அந்தப் பக்கம் மட்டும் வெயில் உறைக்கவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒன்றும் இருக்காது, அது இன்னும் மோசம். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அத்தே, நான் உள்ள போகவே இல்ல. வாசலோட திரும்பிட்டேன். முடிச்சைத் தொடவே இல்ல. பயந்துட்டேன்."

சொன்ன பிறகுதான் ஜெபஸ்டின் வலது பக்கம் நிற்பது நினைவுக்கு வந்தது. வந்தாலும் நிறுத்த முடியவில்லை. இரண்டு வருஷமாக அடைத்து வைத்தது வாயைப் பிய்த்துக்கொண்டு வந்தது. எனக்கு அவிழ்க்கத் தெரியும், ஒரு இழுப்புதான், நான் போயிருந்தால் நீங்கள் இறங்கியிருக்க வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். உங்கள் மகன் தலையில் பழியைப் போட்டுவிட்டு ஓடினேன் என்றாள்.



"தெரியும்" என்றான் ஜெபஸ்டின்.

அவள் அவனைப் பார்த்தாள்.

"அஞ்சாம் நாளு செவலையைக் கண்டுபிடிச்சேன். ஆத்தூர் பக்கம் ஒரு மேட்டுல நின்னுச்சு, உசுரோட. கழுத்துல கயிறு முழுசா கெடந்துச்சு. அறுக்கல, பிய்யல. அம்மா அவுத்து விட்டுருக்கா. முடிச்சு ஊறி இறுகியிருந்தா அம்மாவால எப்படி முடியும்? அவளுக்கு அது தெரியாதுல்லா. தடவித் தடவிக் கண்டுபிடிச்சிருக்கா. அதுலதான் நேரம் போயிட்டு."

அந்த மாட்டை ஊருக்குக் கொண்டுவராமல், அப்படியே நாசரேத்தில் அம்மா வழிச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்தானாம். இருக்கிறதில் நல்ல கறவை அதுதான். செவலை உயிரோடு வந்து நின்றால் கயிற்றை நாலு பேர் பார்ப்பார்கள், பார்த்தால் ரீபாவை நாலு கேள்வி கேட்பார்கள். இந்த இரண்டு வருஷத்தில் அது இரண்டு கன்று போட்டுவிட்டது என்றான்.

ரீபாவுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. "அப்பம் ஏன் ஒரு வார்த்த கேக்கல? ஊர் பூரா உங்களப் பேசுனாங்களே."

"அந்தப் பழிய நான் கீழ வச்சா நீ தூக்கணுமே ரீபா. உன்னால முடியாதுன்னு நெனச்சேன்." அவன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தான். "கோவம் இல்லாம இல்ல. மொத வருஷம் பூரா கோவந்தான். அதுக்கப்புறம் நீயா வரணும்னு ஒரு வீம்பு. கூப்புட வராம இருந்தது என் தப்பு."

பத்து வார்த்தை பேசாதவன் இவ்வளவு பேசியதில் அவளுக்குப் பழைய மத்தியானம் ஒன்று ஞாபகம் வந்தது. அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லாமல் பாக்கி இருந்தது. அதையும் சொன்னாள்.

"அத்தைக்குத் தெரியும். நான் பொய் சொன்னப்ப என் சேலையப் பாத்தா. முழங்காலுக்கு மேல சேறு படல. ஒண்ணும் கேக்காம எறங்குனா."

இது அவன் அறியாதது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அம்மா செத்த அன்றைக்கு அழாத அழுகையையெல்லாம் சேர்த்து அழுதான். ரீபா பக்கத்தில் உட்கார்ந்தாள். தொட்டால் தட்டிவிடுவானோ என்று பயந்து பயந்துதான் அவன் முதுகில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை. வெகுநேரம் கழித்து, அம்மா கேட்டிருக்க மாட்டாள், அவள் அப்படித்தான் என்றான்.

மணி பன்னிரண்டாகிவிட்டது. ஐந்து நிமிஷத்தில் கலைகிற மாடுகள் இன்னும் கலையவில்லை. ரீபாவின் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. அடிக்கிற வெயிலிலும் அவளுக்கு அந்தக் கை சில்லென்றே இருந்தது.

"இன்னும் என்ன வேணுமாம்?" என்றான் ஜெபஸ்டின்.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. ஸ்டெபி பாட்டுப் புத்தகத்தோடு உள்ளே வந்தாள். அம்மாவைக் கண்டதும் ஓடிவந்தவள், இருவர் முகத்தையும் மாட்டு வரிசையையும் பார்த்துவிட்டுப் பாதியில் நின்றாள். என்ன வேண்டும் என்று ரீபாவுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு அத்தை அவளைப் போகச் சொன்னதும் இதே பிள்ளையிடம்தான். அவன் மன்னித்துவிட்டால் போதும் என்று இருந்துவிடலாம், அப்படி இருக்கத்தான் அவள் மனசு கெஞ்சியது. ஆனால் இந்தப் பிள்ளை ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பாவைப் பற்றிக் கேட்ட பேச்சுக்கெல்லாம் பதில் சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறது.

"அவ என்னை வெறுத்துட்டா?" என்றாள் மெதுவாக.

"வெறுத்தா கொஞ்ச நாளு வெறுக்கட்டும். நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கேன்."

ஸ்டெபி கிட்டே வந்து, பஸ்ஸுக்கு நேரமாயிட்டா, பையை எடுக்கட்டா என்று கேட்டாள். ரீபா மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பஸ் போகட்டும் என்றாள். மகளின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"ஸ்டெபி, ஊர்ல உங்க அப்பாவச் சொல்லுத பழி, அது அம்மாவோடது."

பிள்ளை கையை உருவிக்கொண்டது. ரீபா மறுபடியும் பிடிக்கவில்லை. வாசலில் தண்ணீர் சுழித்த இடத்திலிருந்து தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னாள்.