அஞ்சு சிலிண்டர் கான்டெஸா

வரதனுக்குத் தெரிந்து எஞ்சின் என்றால் நாலு சிலிண்டர். பெரிய மனுஷன் வீட்டு வண்டியென்றால் ஆறு. டாக்ஸி ஓட்டியே காலம் தள்ளியவன் அவன். ஹார்பரில் கன்டெய்னரில் வந்திறங்கிய பழைய எஞ்சின்களுக்கு நடுவே ஐந்து சிலிண்டரோடு ஒன்று கிடைத்தது என்று மதார் சாகிப் சொன்னபோது அவனுக்குச் சிரிப்புதான் வந்தது.

"இன்னா பாய், ஒண்ணு ஒடஞ்சி பூட்ச்சா?"

வண்ணாரப்பேட்டையில், ரயில்வே மேம்பாலம் இறங்கும் இடத்தில் எஞ்சின் ஷெட் வைத்திருந்தவர் மதார் சாகிப். சிரித்தவர்களை அவர் சட்டை செய்யவில்லை. அந்த ஜெர்மன் எஞ்சினை ஒரு பழைய கான்டெஸா காருக்குள் எப்படியோ உட்கார வைத்துவிட்டார். அதோடு ஒரு டர்போவும் இருந்தது. வெளியேறும் புகையின் வேகத்திலேயே சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சின்ன விசிறி அது. மறுநாள் ஒரு ரேஸ்காரர் வண்டியைப் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் பாயைத் தன் டீமுக்கே மெக்கானிக்காக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வாலிபத்திலிருந்தே பாய்க்கு அந்த ஏக்கம்தான்.

பாய் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. சாவியை வரதனிடம் கொடுத்தார்.

"எண்ணூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வா. இப்ப ஒரு சீட்டுதான் கீது. நாளைக்கு இன்னொண்ணு மாட்டிக்கினு அவரோட நான் போவேன்."

திருவொற்றியூர் தாண்டும்வரை வரதனுக்கு அந்தச் சத்தம் பிடிபடவில்லை. நொண்டுவதுபோல் கேட்டது, ஆனால் வண்டி நொண்டவில்லை. லாரி இல்லாத இடம் பார்த்து மிதித்தான். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்து முடிப்பதற்குள் ஒரு விசில் கிளம்பியது, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வரதன் தன்னந்தனியாக உட்கார்ந்து சிரித்தான். இத்தனை நேரம் இந்த இழுப்பு எங்கே ஒளிந்திருந்தது என்று பார்க்க மறுபடி மறுபடி மிதித்தான்.

ஆசை விடவில்லை. திரும்பும்போது பாலத்து ஏற்றத்திலும் ஒரு மிதி மிதித்தான். உச்சிக்கு வந்ததும் அவன் கை தன் பாட்டுக்குச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தது. நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்கினான். இறக்கத்தில் பெட்ரோலை எரிப்பதை எந்த டாக்ஸிக்காரனின் மனசும் ஒப்பாது.

பாய் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார். வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றதும் அவர் முகம் மாறியது.

"எங்க ஆஃப் பண்ண?"

"பாலத்து மேல. எப்பவும் பண்றதுதான பாய்?"

எஞ்சின் நின்றால் ஆயில் ஓட்டமும் நின்றுவிடும். பழுக்கக் காய்ந்த டர்போ மட்டும் ஆயில் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் சொல்லி அனுப்பிய பாய் இதைச் சொல்ல மறந்திருந்தார். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் இரும்பை இரும்பு அரைக்கும் சத்தம், பின்னால் நீலப் புகை. மாற்று டர்போ மெட்ராஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பாய் ரேஸ்காரருக்கு போன் போட்டு, வர வேண்டாம் என்றார். வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார்.

வரதனுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. "நாலு வார்த்த திட்டிடு பாய்."

பாய் திட்டவில்லை. வண்டியில் சாய்ந்து நின்றார்.

"இழுத்துச்சா?"

"இழுத்துச்சு பாய்."

"எப்டின்னு சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு. அத்த நீ மட்டும்தான பாத்துக்கீற."

வரதன் சொன்னான். அந்த வினோதச் சத்தத்தை, விசிலை, முதுகு ஒட்டிக்கொண்டதை, ஏற்றத்தில் வண்டி தாவியதை. பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கதை பாலத்து உச்சிக்கு வந்ததும் வரதன் கையிலிருந்த சாவியைப் பார்த்தான்.

"அப்பறம்?" என்றார் பாய்.