பை நிறைந்திருந்தது

ஒரு பெண் உள்ளே வந்து, செருப்பை ஓரமாக விட்டு, கட்டிலில் ஏறிப் படுப்பதற்குள் ஸ்கேனக்கா கேட்கிற கேள்வி ஒன்றுதான். "தண்ணி நல்லா குடிச்சீங்களாம்மா? முட்டிக்கிட்டு வருதா?"

முட்டிக்கொண்டு வர வேண்டும். மூத்திரப்பை நிறைந்தால்தான் குடல் ஒதுங்கி வழிவிடும். உள்ளே இருக்கும் நீர் வழியாக, கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல, பின்னால் இருப்பதெல்லாம் தெரியும். திரையில் மேலே ஒரு கறுப்பு. அது மூத்திரப்பை. அதன் கீழே சாய்த்து வைத்த பேரிக்காயாகக் கருப்பை, நடுவில் வெள்ளைக் கோடாக அதன் உள்படலம். இருபுறமும் பாதாம்பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக முட்டைப்பைகள். கருக்குழாய்கள் கண்ணில் படாது. ஒழுங்காக இருக்கிற மனிதர்களைப்போல அவையும் கெட்டுப்போனால்தான் தெரியவரும்.

இருபது வருடத்துக்கு மேலாக அவள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படம் எடுப்பது அவள் வேலை, அதைப் பார்த்துச் சொல்வது டாக்டரம்மாவின் வேலை. "ஏதாவது இருக்கா சிஸ்டர்?" என்று படுத்திருப்பவர்கள் அவள் முகத்தையே பார்ப்பார்கள். "டாக்டர் சொல்வாங்கம்மா" என்பாள். எதையும் காட்டாத குரலில் இதைச் சொல்லிச் சொல்லி, அவளுக்கு இப்போது அந்தக் குரல்தான் இருந்தது. வீட்டில் கேட்க ஆள் இல்லாததால் குரல் மாறிப்போனது யாருக்கும் தெரியாது.

தன் வயிறு பெருத்ததை முதலில் கவனித்தது அவள் அல்ல, வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண். அவளுக்கு அங்கே ரேடியோ என்று பெயர்.

"ஸ்கேனக்கா, உண்மையச் சொல்லுங்க. எங்களுக்கெல்லாம் தெரியாம யாரையோ பிடிச்சிட்டீங்க."

"நானா? எதுக்கு?"

"வயிறு சொல்லுதே. எத்தனை மாசம்?"

"ரெண்டு வருஷம் ஆகுது."

"அப்படின்னா யானைக்குட்டிதான்!"

ரிப்போர்ட் வாங்க நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உடுப்பின் இடுப்புப் பட்டி இறுகி வந்தது அவளுக்கும் தெரியும். மாதவிலக்கு நின்றுபோன வயது, சதை போடும் என்று நினைத்திருந்தாள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். வாயு என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினாள். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, முட்டைப்பையில் முளைத்தது வயிறெங்கும் பரவியிருந்தது. அம்மாவைக் கடைசிவரை குளிப்பாட்டித் துடைத்தது மூத்த மகள், ஸ்கேனக்காவின் அக்கா. இவள் அப்போது வெளியூரில் இந்தப் படிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவள் கட்டிலருகே நின்று ஏதோ சொல்லத் தொடங்க, அக்கா தலை நிமிராமல், "படிச்சதெல்லாம் சொல்லாத. அந்தப் பக்கம் பிடி, திருப்பணும்" என்றாள். அம்மா போன பிறகு இருவருக்கும் நடுவே வெள்ளிக்கிழமை போன் ஒன்றுதான் மிச்சம். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், வச்சிடறேன்.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவள் வழக்கம்போலக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, ஸ்கேன் அறைக் கதவைத் தாழிட்டாள். கட்டிலில் ஏறித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். வயிற்றில் ஜெல்லைப் பிதுக்கினாள். "கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்மா" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். இவ்வளவு ஜில்லென்று இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

கருவியை வைத்ததும் மேலே கறுப்பு வந்தது. அதைத் தாண்டிக் கீழே போனாள்.

அங்கே அது இருந்தது. சின்னதாக, வற்றி, உள்படலம் நூலாக மெலிந்து. மாதாமாதம் தன்னைச் சுருட்டிப் போட்டது இவ்வளவூண்டுதானா என்று இருந்தது. ஊரில் பாதிப் பெண்களின் கருப்பையை அடையாளம் சொல்லக்கூடியவள், தன்னுடையதை இப்போதுதான் பார்க்கிறாள். அதை யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. தாழிட்ட கதவைப் பார்த்துவிட்டு மறுபடியும் திரைக்குத் திரும்பினாள்.

இடது முட்டைப்பை கிடைத்தது. வயதுக்கேற்றபடி சுருங்கியிருந்தது. வலது கிடைக்கவில்லை. குடலில் காற்று இருந்தால் மறைத்துவிடும், தினமும் நடப்பதுதான். கட்டி என்று எதுவும் இல்லை. அவள் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தான் கொண்டுவந்திருந்த ரொட்டியில் பாதியை ரேடியோவின் மேசையில் வைத்தாள். "என்னக்கா, இன்னைக்கு ஒரே தாராளம்?" என்றாள் ரேடியோ. "யானைக்குட்டி இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள் அவள்.

மதியத்துக்குப் பிறகு முதலில் வந்தவள் ஒரு தையல்காரப் பெண். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்திருந்தாள். கருவியை வைத்தால் திரை முழுக்கச் சாம்பல் குழப்பம். கறுப்பே இல்லை.

"பை நிறையலையேம்மா. தண்ணி குடிச்சீங்களா?"

"ஒரு பாட்டில் குடிச்சேன் சிஸ்டர். பஸ் வரவே இல்ல. அடக்க முடியாம கடைசில போயிட்டேன்."

"போயிட்டு வந்து படுத்தா பை எப்படிம்மா நிறைஞ்சிருக்கும்?"

சொல்லி முடிப்பதற்குள் அவள் கை நின்றுவிட்டது.

"என்ன சிஸ்டர்? ஏதாவது இருக்கா?"

"இல்லம்மா. உங்களுக்கு ஒண்ணுமில்ல. வெளிய போய்த் தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க, கூப்பிடறேன்."

'டாக்டர் சொல்வாங்க' என்று சொல்ல அவளுக்கு அப்போது தோன்றவில்லை. தையல்காரப் பெண் எழுந்து போனபின் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தானும் மதியம் கழிப்பறைக்குப் போய்விட்டுத்தானே வந்து படுத்தாள்? அவள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. நடுவில் எழுந்து போனால் வரிசையில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள் என்று பழகிக்கொண்ட பழக்கம். அப்படியானால் மேலே இருந்த கறுப்பு எது? மேலே கறுப்பு என்றால் மூத்திரப்பை என்று கண் தானாகவே பெயர் வைத்துவிட்டது. இருபது வருடமாக அதற்குப் பின்னால் இருப்பதைத் தேடிய கண், அதை மட்டும் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

மீதி வரிசையை முடித்தாள். ஒவ்வொரு வயிற்றிலும் மேலே இருந்த கறுப்பை நின்று பார்த்தாள். எல்லாம் மூத்திரப்பைதான்.

டாக்டரம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் போய் நின்றாள்.

"டாக்டரம்மா, இன்னும் ஒருத்தரைப் பாக்கணும்."

"டோக்கன் எல்லாம் முடிஞ்சுதே ஸ்கேனக்கா?"

"டோக்கன் இல்ல. நான்தான்."

டாக்டரம்மா அவளைவிட ரொம்பச் சின்னவள். கைப்பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

"யூரின்?"

"இப்பதான் போயிட்டு வந்தேன்."

திரை டாக்டரம்மாவின் பக்கம் இருந்தது. படுத்திருந்தவள் கூரையைப் பார்த்தாள். மின்விசிறியின் இறக்கையில் தூசி படிந்திருந்தது. இத்தனை வருடத்தில் இந்தக் கூரை இவ்வளவு அழுக்காக இருப்பதை அவள் பார்த்ததே இல்லை. விசைகளின் ஒலி மட்டும் கேட்டது. படத்தை நிறுத்தும் விசை. இந்தக் கோடியில் ஒரு புள்ளி, அந்தக் கோடியில் ஒரு புள்ளி. புள்ளியை நகர்த்தும் உருட்டுப் பந்து வெகுநேரம் உருண்டது. அவ்வளவு தூரம் உருண்டால் அளவு என்னவென்று அவளுக்குத் தெரியும். அடுத்து ரத்த ஓட்டத்துக்கான விசை. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

டாக்டரம்மா தொண்டையைச் செருமினாள்.

"சொல்லுங்க டாக்டரம்மா. சொல்றது உங்க வேலைதானே."

திரை அவள் பக்கம் திரும்பியது. உண்மையான மூத்திரப்பை அடியில், காலியாகி நசுங்கிய கோடாகக் கிடந்தது. அதன் மேலே, வலது பக்கத்திலிருந்து எழுந்து நடு வயிறு வரை வந்து, கறுப்பாக, வழவழப்பாக அது உட்கார்ந்திருந்தது.

"வலது ஓவரியிலேர்ந்து வந்த நீர்க்கட்டி. சுவர் மெல்லிசா இருக்கு. உள்ள தடுப்பு இல்ல, சதை இல்ல, ரத்த ஓட்டமும் இல்ல. பார்க்கறதுக்கு நல்ல மாதிரிதான் தெரியுது. ஆனா இவ்வளவு பெருசு, விட்டு வைக்க முடியாது. அம்மாவுக்கு வேற இருந்துச்சுன்னு முன்னாடி சொல்லியிருக்கீங்க. எடுத்து டெஸ்ட் பண்ணினாத்தான் உறுதியா சொல்ல முடியும்."

"கர்ப்பப்பையையும் எடுத்துடுவாங்களா?"

"சர்ஜன் முடிவு பண்ணுவாங்க. எடுக்கலாம்னுதான் நினைப்பாங்க."

அவள் தலையை ஆட்டினாள். மதியம்தான் முதன்முதலாகப் பார்த்தது.

"உங்ககூட யார் இருப்பாங்க?"

"இருக்காங்க."

"யாரு?"

"அக்கா இருக்கா," என்றாள். அக்கா இருக்கிறாள் என்பது பொய்யில்லை.

மாடி அறைக்கு வந்தாள். அங்கே ஒரு கட்டில், ஒரு நாற்காலி. கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று. விளக்கைப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்திருந்தாள். கட்டியைவிட, இந்தப் போனில் பேசுவதுதான் பெரிய வேலையாகத் தெரிந்தது. பேசாமலே ஆபரேஷனை முடித்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட முடியும். ரேடியோ கூட வந்து உட்காருவாள், கேட்டால் மறுக்க மாட்டாள். இவளுக்குத்தான் யாரிடமும் கேட்டே பழக்கமில்லை.

எண்ணை அழுத்தினாள்.

"என்னடி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே. யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லக்கா. எனக்கு ஓவரியில கட்டி."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குழாய் மூடப்பட்டது.

"அம்மாவுக்கு வந்ததா?"

"அதே எடம். அதேதானான்னு எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். பார்வைக்கு அது மாதிரி இல்ல."

"அதே எடம்னா எது? அம்மாவுக்கு வயிறு முழுக்கல்ல இருந்துச்சு."

அத்தனை மாதம் அந்த உடம்பைத் துடைத்தவளுக்கு, அது எங்கே தொடங்கியது என்று யாருமே சொல்லவில்லை.

"கையத் தொப்புள் மேல வை."

"எதுக்குடி?"

"வையேன்."

"கையெல்லாம் சோப்பு... சரி, வச்சேன்."

"அப்படியே நேரா கீழ இறக்கு. எலும்பு தட்டுதா?"

"தட்டுது."

"அதுக்குப் பின்னாடி மூத்திரப்பை. அதுக்கும் பின்னாடி கர்ப்பப்பை. உன் மூணு பிள்ளைங்களும் இருந்த எடம். சும்மா இருக்கும்போது உன் கைப்பிடி அளவுதான்."

"போடி. மூணாமவன் மலை மாதிரி இருந்தான்."

"விரிஞ்சு கொடுக்கும்க்கா. பெத்து முடிச்சா மறுபடி சுருங்கிடும். இப்ப கைய இடுப்பெலும்பு பக்கமா பாதி தூரம் நகர்த்து. அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, உள்ள ஆழத்துல. அதான் ஓவரி."

"எனக்கு ரெண்டா இருக்கு?"

"எல்லாருக்கும் ரெண்டு."

"மூணு பெத்திருக்கேன், ஒருத்தரும் சொல்லலையேடி!"

அவள் சிரித்தாள். தன் கையும் தன் வயிற்றின் வலது பக்கத்தில் இருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

"எனக்கு வலது பக்கம்."

"அம்மாவுக்கு?"

"இடது பக்கம் ஆரம்பிச்சது."

பெரியவள் சொன்னாள்: "அந்தப் பக்கம் படுக்கவே மாட்டா. முனகிக்கிட்டே இருப்பா. பிடிவாதம்னு நினைச்சு நான் திருப்பித் திருப்பிப் படுக்க வச்சேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான படிச்சதெல்லாம் சொல்லாதன்ன."

"ஆமா, சொன்னேன். நான் சொன்னா நீ உடனே வாய மூடிக்குவியா? அப்படியே மூடிக்கிட்டு இத்தனை வருஷமா இருக்க."

குழாய் சொட்டுவது கேட்டது.

"ஆஸ்பத்திரில யாரு இருப்பா?"

'இங்க எல்லாரும் இருக்காங்க' என்கிற வாக்கியம் வாய்வரை வந்துவிட்டது. எதையும் காட்டாத அதே குரலில் அதைச் சொல்லிவிட அவளால் முடியும், அக்காவும் நம்பிவிடுவாள்.

"யாரும் இல்லக்கா," என்றாள். "நீ வரியா?"

"என்னைக்கு?"

"இன்னும் சொல்லல. அடுத்த வாரம் இருக்கும்."

"உன் வீட்ல தலகாணி எத்தனை இருக்கு?"

"ஒண்ணு."

"அதானே பார்த்தேன்," என்று பெரியவள் போனை வைத்துவிட்டாள்.

தெருமுனையில் மெத்தைக் கடை இன்னும் திறந்திருந்தது. கடைக்காரர் இரண்டு தலையணைகளை எடுத்துப் போட்டார். "உங்களுக்கா?"

"அக்காவுக்கு."

"எப்படி வேணும்மா? கெட்டியா, மெத்துனா?"

அவள் ஒன்றை அழுத்திப் பார்த்தாள். அடுத்ததையும் அழுத்தினாள். சின்ன வயதில் ஒரே பாயில் கிடந்தவர்கள்தான். ஆனால் அக்கா இப்போது எப்படித் தூங்குவாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்று அவளுக்குத் தெரியாது. கடைக்காரர் காத்திருந்தார். அவள் இரண்டின் மேலும் கையை வைத்தபடி நின்றிருந்தாள்.