நீலம் ஒட்டும் பிள்ளை

ரிஃப்காவைத் தூக்கியவர்களின் கையில் நீலம் ஒட்டிக்கொள்ளும். அதிராம்பட்டினத்தில் அவள் பிறந்தபோது பிரசவம் பார்த்த நர்சுக்கு முழங்கை வரை ஒட்டியது. சோப்புக்குப் போகாமல், சில நாளில் தானே மங்கியது. இதயத்தில் ஓட்டையுள்ள பிள்ளைக்கு உதடும் நகமும் நீலம் பாரிப்பது உண்டு என்பதால், தஞ்சாவூரில் குழந்தைகளின் இதய மருத்துவரான அனுராதா இதற்கு அதிசயப்படவில்லை. யாராவது வெறுங்கையால் பிடித்திருந்தால் நீலம் அவர்களுக்கு இறங்கிப் பிள்ளைக்கு மூச்சு சீராகிறது என்று மட்டும் தாய் ஹலீமாவிடம் சொன்னார். அதன்பின் ஹலீமா மகளைக் கீழே விட்டதில்லை. நீலக் கையை நீட்டித்தான் கடைத்தெருவில் மீன் வாங்கினாள். அதற்காக யாரும் விலையைக் குறைக்கவுமில்லை, ஏற்றவுமில்லை.

ரிஃப்காவுக்கு நான்கு வயதாகி ஆபரேஷனுக்குத் தேதி குறித்த மாதத்தில் கொரோனா வந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் கொரோனா நோயாளிகளின் கட்டில்களைப் போட்டார்கள். வயல்களில் குறுவை அறுத்து சம்பா நட்டார்கள். தேதி தள்ளிக்கொண்டே போனது. மூச்சு முட்டி ரிஃப்காவைச் சேர்த்த அன்று ஹலீமாவுக்குத் தொற்று என்று தெரிந்து, அவளை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். வார்டில் எல்லோரும் கையுறை போட்டிருந்தார்கள். கையுறையில் நீலம் ஒட்டவில்லை. பிள்ளை கறுத்துக்கொண்டே வந்தாள்.

அனுராதா கையுறையைக் கழற்றினார்.

"வேணாம் மேடம். உங்களையும் கொண்டுபோயிட்டா இதுங்களுக்கு ஹார்ட் பாக்க யாரு இருக்கா?" என்றாள் நர்ஸ் எழில்மொழி.

"நீ கழட்டிராத எழில். வீட்ல கைப்பிள்ளை வச்சிருக்க."

பகல் முழுக்க மடியில் வைத்திருந்தார். உதடு சிவந்தது. ரிஃப்கா அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, உங்களுக்கு மருதாணி நல்லா புடிச்சிருக்கு. எங்க உம்மாவுக்குக்கூட இப்படிப் புடிக்காது."

அந்த வாரமே அனுராதாவுக்குக் காய்ச்சல் கண்டது. அவரைத் தனியறையில் வைத்தார்கள். எழில்மொழி பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் அவளும் கையுறையைக் கழற்றிப் பிள்ளையைத் தூக்கியபோது, கையில் ஒன்றும் ஒட்டவில்லை. பிள்ளை மூச்சின்றி வெளுத்துக் கிடந்தாள்.

ஹலீமா குணமாகி வெளியே வருவதற்குள் அவள் கை பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. அனுராதாவுக்கு மட்டும் நீலம் போகவேயில்லை. பிறகு தியேட்டரைத் திறந்தார்கள். காத்திருந்த பிள்ளைகளில் சிலர் பிழைத்தார்கள். பலருக்குக் காலம் கடந்திருந்தது. அந்தக் கையால்தான் அனுராதா எல்லோருக்கும் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கிறார்.

மாதம் ஒருமுறை ஹலீமா பட்டுக்கோட்டை வழியாக பஸ் பிடித்து வருவாள். வரிசையில் நிற்கும் தாய்மார்கள் வழிவிடுவார்கள். மருத்துவரின் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொஞ்சம் தனக்கு ஒட்டியதும் எழுந்துகொள்வாள். திரும்பும் பஸ்ஸில் இரு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்திருப்பதைப் பார்த்து, கண்டக்டர் டிக்கெட்டை அவள் பையில் செருகிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போவார்.