பச்சையாக வெட்டிய வான்சா

பதேச்சா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாடிய காப்பிச் செடியின் தூரில் பட்டையைச் சீவினான். உள்ளே பாலாடை ஒட்டியதுபோல் வெள்ளைப் பூஞ்சை. காளான் வாசம் குப்பென்று அடித்தது. இது ஏழாவது செடி.

யாரைக் குறை சொல்ல? நிழல்மரத்தை எப்படி வெட்டுவது என்று கெதேயோ மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதலில் பட்டையை வளையமாக உரித்துவிட வேண்டும். மரம் நின்றபடியே காய்ந்து, வேரிலுள்ள சத்து வற்றிய பிறகுதான் கோடாலி. இவனுக்கோ மகன் வீட்டுக்கு உத்தரம் வேண்டும், அதுவும் மழைக்கு முன்னால் வேண்டும். தோட்டத்து நடுவிலிருந்த வான்சா என்னும் நிழல்மரத்தைப் பச்சையாகவே சாய்த்துவிட்டான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

உதிர்ந்த இலையையெல்லாம் புழுவும் பூஞ்சையும் தின்று காப்பிக்கே சோறாக்கித் தரும் மண் அது. உரமென்று ஒரு பிடி அவன் வாங்கியதில்லை. ஆனால் சத்து வற்றாத வேரில் கொழுக்கிற பூஞ்சை வேறு ரகம். அதைத் தின்று ருசி கண்டபின் பக்கத்துச் செடியின் உயிர்வேருக்குத் தாவும். மண்ணடியில் அது எதுவரை வந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சரிவில் கீழே அக்கா போகாலெச்சின் தோட்டம். புருஷன் இல்லாதவள். கிழடுதட்டிய செடிகளைப் பிடுங்கிவிட்டு, இந்த மழைக்கு நட அறுநூறு நாற்று வளர்த்திருந்தாள். அதைவிட்டால் அவளுக்கு வேறு கதியில்லை.

அவளிடம் சொல்லியிருக்கலாம். "காயவிட்டுத்தானேடா வெட்டின?" என்று அவள் கேட்டபோது சத்தியமே பண்ணிவிட்டானே! பயந்து பயந்து, அவள் சந்தைக்குப் போன நாளில், பூஞ்சை தாண்டாதபடி எல்லையோரம் இடுப்பளவு பள்ளம் வெட்டினான். மண்ணை மேட்டுப்பக்கம், தன் பக்கம் எறிந்திருக்க வேண்டும். அவசரத்தில் கைக்கு வாகாகச் சரிவில், அக்கா பக்கமே வீசிவிட்டான். அந்தத் தப்பு அவனுக்கு உறைக்கவே இல்லை.

"என்னடா தோண்டுற, புதையலா?"

போகாலெச் நின்றிருந்தாள். அவன் சட்டென்று தூரைச் சருகால் மூடினான்.

"ஒண்ணுமில்லக்கா."

"இந்தா, கோச்சோ ரொட்டி சுட்டேன், சூடா தின்னு. ஆமா, அதென்ன திடீர்னு வாய்க்கால்? சோம்பேறிக்கு எப்படா ஞானம் வந்துச்சு?"

"மழைத்தண்ணிக்குத்தான்."

"எதுக்கோ, எனக்கு யோகம். என் பக்கம் கொட்டினியே மண்ணு, கருகருன்னு, பொலபொலன்னு! எவன்டா சும்மா குடுப்பான்? ரெண்டு நாளா கூடை கூடையா சுமந்து நாத்துக்கெல்லாம் போட்டுட்டேன். வேர்த்துண்டு கூட நெறைய கெடந்துச்சு. மக்கட்டும்னு அப்படியே விட்டுட்டேன்."

பதேச்சாவின் கையிலிருந்து கோச்சோ விழுந்தது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அக்கா... எல்லா நாத்துக்குமா?"

"பின்னே? ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்குப் போடாம இருப்பாங்களா?"

அவன் சருகை விலக்கினான். வெள்ளைத் தூரைக் காட்டினான். "வான்சாவுக்கு நான் பட்டை உரிக்கலக்கா. பச்சையாத்தான் வெட்டினேன்."

அவள் குனிந்து பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் காத்து நின்றான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒவ்வொண்ணுக்கும் கையால அமுக்கி அமுக்கிப் போட்டேனேடா," என்றாள்.