போட்டிக்கு வந்தவர்

மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து என் கணவரும் நானும் சொந்தமாக ஒரு வீடு வாங்கப் பார்க்கிறோம். பார்க்கிறோம் என்பது பேச்சுக்குத்தான். போனில், ஆப்பில், படம் பார்க்கிறோம். பிடித்துப்போய் நேரில் கிளம்புவதற்குள் 'விற்றாகிவிட்டது' என்று வந்து நிற்கும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கொடுக்க ஆள் தேடி அலைகிற ஜன்மங்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

என் அப்பா வீடு விற்ற கதை வேறு. வாங்க வந்தவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மனைவி நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தார். அப்பா அந்த மனிதரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்களால எவ்வளவு முடியும், சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் பேரம். இப்போது முகமாவது மண்ணாவது! திரையில் ஒரு தொகை வரும். ஏலம் மாதிரி அதற்கு மேல் யாரோ கேட்பார்கள். அந்த யாரோ ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

போன வாரம் ஒரு வீடு வந்தது. இரண்டு அறை, துணி காயப்போட இடம், ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். இதற்கு மேல் நம்மால் ஆகாது என்று ஒரு தொகையைப் பேசிவைத்தோம். ஆப்பில் விலை கேட்கிற பொறுப்பு என் கணவருடையது. ஆனால் அவர் பஸ் டிரைவர். ஓட்டும்போது போனைத் தொட்டால் வேலை போய்விடும்.

ஏலத்தின் கடைசி நாள் மதியம், நான் வேலை பார்க்கும் தையல் கடையில் யாருடைய பேண்ட்டுக்கோ இடுப்புப் பிடித்துக்கொண்டிருந்தவள் மனசு கேட்காமல் போனை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் பேசிவைத்த தொகையைத் தாண்டி யாரோ கேட்டிருந்தார்கள். கணவரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இதுவும் கைநழுவிப் போனால் என்னால் தாங்க முடியாது. என் நம்பரிலேயே பதிந்து, கொஞ்சம் கூட்டிக் கேட்டேன்.

எதிராளி லேசுப்பட்டவன் இல்லை. ரொம்ப நேரம் சத்தமே இருக்காது. ஒழிந்தான் என்று ஊசியில் நூலைக் கோப்பேன், மறுபடி ஏற்றிவிடுவான். எனக்கும் வீம்பு வந்துவிட்டது. கடைக்காரம்மாவிடம் போய், "அக்கா, இனிமே ஞாயித்துக்கிழமையும் வர்றேன், வேலை குடுங்க" என்று கேட்டு, அவர் சரி என்றதும் வந்து இன்னும் ஏற்றினேன். சாயங்காலம் வீடு எனக்கு என்று செய்தி வந்தது. முன்பணமும் அப்போதே என் கணக்கிலிருந்து போய்விட்டது. சந்தோஷத்தைவிட அசதிதான் அதிகமாக இருந்தது. அவரிடம் நேரிலேயே சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"போச்சு. எவனோ ஒரு விடாக்கண்டன். கடைசி ஸ்டாப்ல பஸ்ஸை நிறுத்துறப்பல்லாம் ஏத்தினேன். விட மாட்டேன்னுட்டான், நாசமாப் போறவன்."

"பேசின தொகைக்கு மேலயா கேட்டீங்க?"

"காலையிலேயே தாண்டிட்டேன். உன்கிட்ட சொன்னா வேணாம்னு சொல்வே."

போனில் வந்த செய்தியை அவர் முன் நீட்டினேன்.

"அந்த நாசமாப் போறவ நான்தாங்க."

அவர் என்னையே பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார், பாதியிலேயே நின்றுவிட்டது. எங்களை எதிரெதிரே உட்கார வைத்திருந்தால் மதியமே முடிந்திருக்கும் விஷயம். எனக்கு அழுகையாக வந்தது.

"சரி, வீடு நமக்குத்தானே?" என்றார்.

"நமக்குத்தான். இனிமே ஞாயித்துக்கிழமையும் கடைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

அவர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார்.

"நானும் நைட் ஷிஃப்ட் கேட்டிருக்கேன். அதுல கொஞ்சம் கூட வரும்."

"வேணாம்னு சொல்லிடுங்களேன்."

"இந்த விலைக்கு வாங்கிட்டா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. மீதிப் பணத்துக்கு வாங்கப்போகிற கடனை அடைக்க இரண்டு வேலையும் வேண்டும். நான் பகல் முழுக்கக் கடையில், அவர் இரவு முழுக்க பஸ்ஸில்.

"அப்ப அந்த வீட்ல நாம ரெண்டு பேரும் ஒண்ணா எப்பங்க இருக்கிறது?"

அவர் கழற்றிய ஷூவைச் சுவரோரம் தள்ளினார்.

"சாவி ரெண்டா கேட்டு வாங்கிக்க," என்றார்.