நாலு மணிக் கூட்டம்

“மை போகுதில்ல,” என்றாள் சரீபா.

குளிப்பாட்டும் பலகையில் கிடந்த சபியா உம்மாவின் வலக்கை விரல்களை அவள் மூன்றாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இலந்தையிலைத் தண்ணீர் ஊற்றியாயிற்று, சவர்க்காரமும் போட்டாயிற்று. நகக்கண்ணில் நீலம் அப்படியே நின்றது. தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த மகள் பஸ்மினா குவளையை நிறுத்திவிட்டு உம்மாவின் விரலைப் பார்த்தாள்.

“முத்திரை மை சாச்சி. ஸ்கூல் கூட்டத்துக்கு வாறமெண்டு கைநாட்டு வைக்கிற பொம்புளையள்ற விரலப் புடிச்சி அமத்தினது. ரெண்டு கிழமையா அதுதானே வேல.”

“மைதானே, தண்ணியத் தடுக்காது. வுடு,” என்றாள் சரீபா. ஊரில் இறந்த பெண்களின் மையத்தைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான். அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. கையைப் பக்கத்தில் நீட்டி வைத்துவிட்டு, “எண்ட விரலையும் இவதான் அமத்தினா,” என்றாள்.

சபியா உம்மா விடியற்காலையில் சுபஹுத் தொழுகைக்கு எழும்பி ஒளுச் செய்யப் போன இடத்தில் கிணற்றுக் கட்டோடு சாய்ந்துவிட்டாள். ஐம்பத்தொன்பது வயது. ஊர்ப் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறவள்.

அந்தப் பாடசாலையின் மேற்குக் கட்டடத்துக்கு இரண்டு வருடமாகக் கூரை இல்லை. புதிதாகக் கட்டித் தருகிறோம் என்று ஓடுகளைக் கழற்றினார்கள், கழற்றியதோடு காரியம் நின்றது. நாலாம், ஐந்தாம் வகுப்புகள் தறப்பாளுக்குக் கீழே நடந்தன. பஸ்மினாவின் மகளும் அங்கேதான் படித்தாள். மாரி தொடங்கினால் பாதி நாள் லீவு. இந்த வருட பட்ஜெட்டில் பாடசாலைக் கட்டட ஒதுக்கீட்டை அடியோடு வெட்டியபோது, பாராளுமன்றத்தில் எழும்பி நின்று சொந்தக் கட்சியையே கேள்வி கேட்டவர் றாஸிக் எம்.பி. ஒருவர்தான். கட்சி சும்மா விடுமா? திங்கட்கிழமை கொழும்பில் விசாரணை. உன் ஊரே உனக்குப் பின்னால் இல்லை, நீ யாருக்காகக் கத்துகிறாய் என்பதுதான் அவர்கள் கேட்கப் போகிற கேள்வி. ஊர் இருக்கிறது என்று காட்ட இன்று சனிக்கிழமை நாலு மணிக்குப் பாடசாலை முற்றத்தில் கூட்டம். ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பை யாரும் சபியா உம்மாவிடம் கொடுக்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள்.

“நீயும் வந்து முன்னுக்கு நில்லன் மகள்,” என்று நேற்றும் கேட்டாள். பஸ்மினா “பாப்பம்” என்றாள். பாப்பம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். அது உம்மாவுக்குத் தெரியாதா? பஸ்மினாவின் புருஷன் இன்ஷாப் வேலை செய்வது அவளுடைய அண்ணன் றிபாஸ் காக்காவின் ஹார்ட்வெயார் கடையில். அந்தக் கடையின் பெரிய வாடிக்கை முனாப் ஹாஜியார். ஹாஜியார் பள்ளிவாசல் தலைவர், அதே கட்சிக்கு ஊர் அமைப்பாளர். றாஸிக்கின் பெயரைக் கேட்டாலே அவருக்குச் சோறு இறங்காது. றிபாஸ் அவர் கட்டி வா என்றால் வெட்டி வருகிற ஆள். அவனுடைய பிள்ளைகள் வேனில் ஏறிக் கட்டணம் கட்டிப் படிக்கிறவர்கள், அவர்கள் தலைக்கு மேல் கூரை உண்டு.

கபன் துணி சுற்றி முடியும்போது முற்றத்தில் அடக்க நேரம் குறிக்கும் பேச்சு நடந்தது.

“பகல் ளுஹரோட எடுத்தா நல்லமே,” என்றது இன்ஷாபின் குரல்.

“பின்னேரம் அஸருக்கு வைப்பம், மூண்டரைக்கு,” என்றார் ஹாஜியார். “கொழும்பில இரிந்து ஆக்கள் வரணும்.”

பஸ்மினா ஈரக் கையோடு திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றாள். “காக்கா, கொழும்பில நமக்கு ஆரு இரிக்கா?”

“றம்ஸியாட மாமா வாறார்,” என்றான் றிபாஸ். றம்ஸியா அவன் மனைவி.

“அவரு உம்மாவ ஒரு நாளும் கண்டதில்லையே. வாப்பா மௌத்தாகக்குள்ள, மையத்த வெச்சிருக்கப்படா எண்டு சண்ட புடிச்ச ஆள் நீங்கதானே? ளுஹருக்கு எடுங்க. நாலு மணிக்கு உம்மாக்குக் கூட்டம் இரிக்கு.”

“உம்மாக்கா? உம்மா மௌத்துப் புள்ள.”

ஹாஜியார் இடையில் வந்தார். அவர் குரலை உயர்த்திப் பேசுகிறவர் அல்ல. உயர்த்த வேண்டிய தேவை அவருக்கு இருந்ததுமில்லை. “மகள், மையத்து அடங்கின கையோட மைக் கட்டிக் கூட்டம் போடுறது வடிவா? ஊர் என்ன செல்லும்? எல்லாரும் உம்மாக்கு துஆ கேப்பம். அதுதான் இப்ப அவக்கு வேணும்.”

உம்மாவுக்கு என்ன வேண்டும் என்று இந்த மனிதருக்கு இன்றைக்குத்தான் தெரிந்ததா என்று கேட்க வாய் வரை வந்தது. இன்ஷாப் தலையைக் குனிந்து நின்றான். அவள் கேட்கவில்லை.

பத்து மணிக்கு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத் தெருவாகப் போனது. “சபியா உம்மா அவர்கள் வபாத்தானார்கள். அன்னாரின் ஜனாஸா இன்று அஸர் தொழுகையின் பின்னர் நல்லடக்கம் செய்யப்படும். ஜனாஸாவை முன்னிட்டு இன்று மாலை பாடசாலையில் நடைபெறவிருந்த கூட்டம் நடைபெறமாட்டாது என்பதையும் அறியத் தருகிறோம்.” இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். உம்மா இரண்டு கிழமை நடந்து சேர்த்ததை உம்மாவின் பெயரைச் சொல்லியே கலைத்துவிட்டார்கள்.

அடுப்படியில் உம்மாவின் போன் அடித்தது. பஸ்மினா எடுத்தாள்.

“சபியாம்மா, றாஸிக். வந்திட்டிரிக்கன், மஹியங்கனை தாண்டிட்டன். எத்தின பேர் வருவாங்க போல?”

“நான் மகள். உம்மா சுபஹுக்கு மௌத்து.”

அந்தப் பக்கம் வாகனத்தை ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “இன்னா லில்லாஹி…” என்றார். “நான் ஜனாஸாக்கு வாறன். கூட்டத்த விடுவம் தங்கச்சி.”

“இல்ல. நாலு மணிக்கு இரிக்கு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

வீடு நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். பஸ்மினா ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் போய் இருந்து, குனிந்து காதோடு கேட்டாள். “நாலு மணிக்கு ஸ்கூலடிக்கு வருவீங்களா?”

“இண்டைக்கா?” என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவளுக்கு மூன்று பிள்ளைகள் தறப்பாளுக்குக் கீழே. பஸ்மினாவின் தலையைத் தடவி அடுத்தவளிடம் சொன்னாள், “பாவம் கா, புள்ளைக்கு உம்மாட கவல. என்ன கதைக்கிற எண்டே தெரியுதில்ல.”

இன்னொருத்தி கண்ணைத் துடைத்தாள். “சபியாத்தா இரிந்திருந்தா நான் கட்டாயம் வந்திருப்பன்.”

அவள் இரண்டு தடவை காய்ச்சல் என்று கதவைச் சாத்தியவள். உம்மா மூன்றாம் தடவையும் போய்த்தான் கைநாட்டு வாங்கினாள். கூடவே ஒரு குப்பி கஷாயமும் கொண்டுபோனாள். இப்போது அழுகிறாள், அதுவும் பொய்யழுகை இல்லை. செத்தவளுக்காக அழ எல்லோருக்கும் முடிந்தது.

அஸருக்குச் சற்று முன் மையத்தை வைத்த சந்தூக்கைப் பள்ளிவாசலுக்குத் தூக்கினார்கள். தெரு கொள்ளாத ஆண்கள். உம்மா கூப்பிட்டபோது வேலை, வயல், பயணம் என்றவர்கள் இன்று தோள் கொடுக்க ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். வீட்டில் பெண்கள் யாசீன் ஓதியபடி பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குக் காது கொடுத்திருந்தார்கள். தொழுகைக்கு முன் மையத்தின் சொந்தக்காரர் ஒருவர் எழும்பி ஊரிடம் மன்னிப்புக் கேட்பது வழமை. றிபாஸின் குரல் வந்தது.

“எங்கட உம்மா ஆருக்கும் குத்தம் செஞ்சிருந்தா, மனம் நோகக் கதைச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிப் பொருந்திக்கிடுங்க.”

கொஞ்சம் நிறுத்தினான். யாரோ பக்கத்தில் எடுத்துக் கொடுப்பது போல இருந்தது.

“இந்தக் கடைசி நாளையில ஸ்கூல் விசயமா ஊடு ஊடாப் போய் ஆக்களுக்குக் கரச்சல் குடுத்திட்டாங்க. படிப்பறிவில்லாத பொம்புள. ஆரோ ஏவிவிட்டதக் கேட்டு நடந்திட்டாங்க. அதையும் பொருந்திக்கிடுங்க.”

“பொருந்திக்கிட்டம்.”

நூற்றுக்கணக்கான ஆண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். ஊர் இவ்வளவு ஒற்றுமையாக ஒன்றைச் சொல்லிப் பஸ்மினா கேட்டதில்லை.

“என்னத்தப் பொருந்துற?” என்றாள் சரீபா. யாசீன் மறுபடி தொடங்கியது.

பஸ்மினாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. முதலில் காக்கா மேல் வந்தது, பிறகு ஊர் மேல். கடைசியாக, நேற்று “பாப்பம்” என்று சொன்ன தன் மேல் வந்தபோது அதுதான் எல்லாவற்றையும் விடக் கசந்தது. அவள் எழும்பி அபாயாவை மாட்டினாள்.

றம்ஸியா கையைப் பிடித்தாள். “மையத்து இன்னும் அடங்கல்ல. எங்க போறாய்?”

“ஸ்கூலுக்கு.”

“ஒண்ட புருசன் நாளைக்குக் கடைக்குப் போக வேணாமா?”

இத்தனை வருடத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

“அதக் காக்காட்டக் கேளுங்க மச்சி,” என்று கையை விடுவித்துக்கொண்டு வெளியே இறங்கினாள். தெருவில் ஒரு பெண்ணும் இல்லை.

பாடசாலை முற்றத்திலும் ஒருவரும் இல்லை. தறப்பாளின் ஒரு முனை அவிழ்ந்து கடல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நாலேகாலுக்கு றாஸிக் வந்தார், தனியாக. செருப்பைக் கையில் பிடித்திருந்தார், காலெல்லாம் அடக்கம் நடந்த மையவாடி மண்.

“தொழுது, மண்ணும் போட்டிட்டுத்தான் வாறன்,” என்றார்.

இரண்டு பேரும் வாசலைப் பார்த்தபடி நின்றார்கள். நாலரை ஆனது. றாஸிக் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“கைநாட்டுத் தாள மட்டும் நீட்டினா ஆக்கள் எங்க எண்டு கேப்பாங்க. திங்கக்கிழமை அவங்கட மேசையில வைக்க வேற ஒண்டாவது வேணும் தங்கச்சி. ஒரு படம் எடுக்கட்டா? முகத்த மூடுறதெண்டா மூடிக்கங்க.”

“வேணாம்,” என்றாள். கூரையில்லாத கட்டடத்தின் முன்னால் போய் நின்று கைகளைத் தொங்கவிட்டாள். “கட்டடம் முழுசா வருதா?”

“முழுசா வரணுமெண்டா நான் இன்னும் பின்னுக்குப் போகணும். நீங்க சின்னதாப் போயிருவீங்க.”

“போங்க.”

அவர் போனைப் பிடித்தபடி அடி அடியாகப் பின்னால் போனார்.

மையவாடியிலிருந்து வீடுகளுக்குக் குறுக்குவழி பாடசாலை முற்றத்துக்குள்ளால்தான். அடக்கிவிட்டுத் திரும்பிய ஆண்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். றாஸிக்கின் கையிலிருந்த போனையும் அது பார்த்த திசையையும் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். படத்துக்குள் விழுந்துவிடாதபடி ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி, மதிலோரமாகச் சுற்றி நடந்தார்கள். அவர்களோடு இன்ஷாபும் நடந்தான்.