பதினேழாவது வாரம்

சின்னவள் வளர்த்த ஒன்பது பெட்டைக்கோழிகளும் முட்டை போடத் தயாராகும் பதினேழாவது வாரத்தை எட்டி, அங்கேயே பதினோரு வருஷம் நின்றன. கொண்டை சிவந்திருந்தது. முதுகில் கை வைத்தால் பதுங்கி உட்கார்ந்தன. முட்டைப் பெட்டிக்குள் போய்ப் போய் வந்தன. முட்டை மட்டும் போடவில்லை. சாகவும் இல்லை, கிழடு தட்டவும் இல்லை. அந்த வட்டாரத்தில் மழை எந்த வருஷம் பொய்த்தது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள். இதைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்.

அவள் புருஷனை விட்டு வந்தவள். தானாக வந்தாளா, விரட்டப்பட்டாளா என்பதில் இரண்டு கட்சி உண்டு. அதற்குள் நாம் போக வேண்டாம். ஒரு துணிப்பையும், காற்றுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியுமாக அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பெட்டிக்குள் பிறந்து மூன்று நாளான குஞ்சுகள். தீவனக் கடையில் விற்றது போக மிஞ்சியவை என்பதால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. தவிட்டு நிறத்தில் நாலு, கறுப்பு இரண்டு, கால் விரல் வரை இறகு வைத்தது ஒன்று, கழுத்தில் பேருக்குக்கூட இறகில்லாத மொட்டைக்கழுத்து ஒன்று, இன்ன நிறமென்று சொல்ல முடியாதது ஒன்று. அண்ணன் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார். அண்ணிக்கு வாயைத் திறக்காமல் முகத்தாலேயே பேசத் தெரியும். அந்த முகம் பேசி முடித்த பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தார். "இரு, நான் வேண்டாங்கல. ஆனா இதுங்க முட்டை போட ஆரம்பிச்சதும் வித்துப் பொழைச்சுக்கோ, உன் கால்ல நின்னுக்கோ. அதுவரைக்கும்தான்." கூடப் பிறந்தவளுக்குக் கெடு வைக்கிறோமே என்ற கூச்சம் அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

குஞ்சு வளர்த்த விஷயத்தில் சின்னவளை ஒரு குறை சொல்ல முடியாது. பழைய சைக்கிள் கொட்டகையைக் கழுவிவிட்டு மரத்தூள் பரப்பினாள். பல்பைக் கயிற்றில் தொங்கவிட்டு, குஞ்சுகள் அதன் அடியில் ஒண்டினால் இறக்கினாள், விலகி ஓடினால் ஏற்றினாள். பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்துக்கொண்ட குஞ்சை வெந்நீர்த் துணியால் துடைத்துக் காப்பாற்றினாள். பல விதக் கோழி ஓரிடத்தில் இருந்தால் கொத்துக்குப் பஞ்சமா? எல்லாம் சேர்ந்து மொட்டைக்கழுத்தைத்தான் கொத்தின. அதற்கென்று தனித் தட்டு வைத்து, "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தலையெழுத்துடி" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். எட்டாவது வாரம் குஞ்சுத் தீவனத்தை நிறுத்தி வளர்தீவனத்துக்கு மாற்றினாள். பதினேழாவது வாரம் கொண்டைகள் சிவந்ததைப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை. முட்டை வந்தால் கிளம்ப வேண்டும், எங்கே போவது? வேண்டாம் என்று அவள் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோழிகள் அப்படியே நின்றுவிட்டன.

முதல் வருஷம் அண்ணி தினம் காலையில் பல் துலக்கும் முன்னால் முட்டைப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். சின்னவளுக்குத் தெரியாமல் முட்டைத் தீவனம் வாங்கிக் கலந்து போட்டாள். இரண்டாம் வருஷம் கால்நடை டாக்டர் வந்து, இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்து, இன்றைக்கோ நாளைக்கோ என்றார். அதற்கப்புறம் வருஷத்துக்கொரு தடவை வந்து அதையே சொல்லிவிட்டுப் போனார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஒரு மாசத்தில் அலுத்துப் போயிற்று. சின்னவள் அதற்குள் சமையல், துணி, கடைகண்ணி என்று வீட்டையே தலையில் தூக்கி வைத்திருந்தாள். அண்ணன் மகளைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அவள்தான், அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு நாலு நாள் தூங்காமல் வேலை செய்ததும் அவள்தான். கல்யாணப் போட்டோவில் மட்டும் சின்னவள் இல்லை. யாரோ காபி கேட்டார்களாம். ஒன்பதாவது வருஷம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அண்ணிக்கு முழங்கால் மடங்கவில்லை. அதன் பிறகு முட்டைப் பெட்டியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பதினோராவது வருஷம், கூடப் படித்த ஒருத்தி பிஸ்கட் பாக்டரியில் வேலை இருப்பதாகவும், தங்க ஓர் அறை தருவதாகவும் சொல்லி அனுப்பினாள். சின்னவள் அண்ணனிடம் போய், "போகட்டுமாண்ணா?" என்று கேட்டாள். அண்ணன் கோணிய வாயால் நிதானமாகச் சொன்னார்: "கோழி இன்னும் முட்டை போடலயேம்மா. போட்டதும் தாராளமாப் போ. நான் சொன்ன சொல் மாறமாட்டேன்." துரத்துவதற்கு வைத்த கெடு அதே வார்த்தையில் கட்டிப்போடுகிற கயிறானதை அவள் அங்கேயே புரிந்துகொண்டாள். ஆனாலும் பாவி மனசு, சண்டை போடத் தெரியவில்லை. முட்டைத் தீவனமும் நொறுக்கிய கிளிஞ்சலும் வாங்கி வந்து வைத்தாள். போடுங்கடி, போடுங்கடி என்று ஐந்து வாரம் ஒவ்வொன்றையும் தடவிக் கொடுத்தாள். ஒருநாள் காலையில் அண்ணி அந்த மடங்காத காலை இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்து, முட்டைத் தீவனத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு டப்பாவில் முட்டைக்கு உதவாத வளர்தீவனத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். சின்னவளிடம் பிடிபட்டதற்கு அவள் வெட்கப்படவில்லை.

"நீ போயிட்டா அவரை யாரு தூக்கி உக்கார வெக்கிறது? என்னால முடியுமா, சொல்லு?"

முடியாதுதான். அதில் பொய்யே இல்லை, அதனால்தான் சின்னவளுக்கு எரிந்தது. "இதையே ஒரு தடவை, கூட இருடின்னு கேட்டிருந்தீங்கன்னா இருந்திருப்பேன் அண்ணி. பதினோரு வருஷத்துல ஒரு தடவை" என்றாள். இரண்டு கூடையில் கோழிகளை அடைத்து, மேலே பழைய புடவையைக் கட்டினாள். நாற்காலியில் இருந்த அண்ணன், "முட்டை?" என்று மட்டும் கேட்டார். அவள் அவர் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கேட்டைத் தாண்டியதும் கோழிகளுக்கு வயசு ஏற ஆரம்பித்தது. வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் பதினோரு விளக்குக் கம்பங்கள், கம்பத்துக்கு ஒரு வருஷம். மூன்றாவது கம்பத்தில் இறகு மங்கியது. ஆறாவதில் கொண்டைகள் வெளிறித் தொங்கின. எட்டாவதில் கூடை கனம் குறைவதை உணர்ந்து புடவையை விலக்கிப் பார்த்தாள். மொட்டைக்கழுத்துக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் போய் இறக்கி வைத்தபோது, கால் செதில் தடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்பது கிழட்டுக் கோழிகள். சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த ஒரு பெரியம்மா அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"முட்டைக் கோழியாம்மா?"

"போடுற வயசு தாண்டிடுச்சுக்கா."

"மொத்தம் எவ்வளவு போட்டிருக்கும்?"

"ஒண்ணுகூட இல்ல. அண்ணன் வீட்டுல வெச்சிருந்தேன்."

பெரியம்மா இதில் ஆச்சரியப்பட ஒன்றும் காணவில்லை. "எனக்கும் அப்படித்தாம்மா போச்சு" என்று சொல்லிவிட்டு, கூடைகளை வைக்க இடம் விட்டுக் காலை மடக்கிக்கொண்டாள்.